கவிழ்த்து வைத்த கோப்பை

மெக்சிக்கோ ஒலிம்பிக்கின் அந்தப் படத்தைக் காணும்போதெல்லாம் என் கண் கால்களுக்குத்தான் போகிறது. மற்றவர்கள் கைகளைப் பார்க்கிறார்கள். 1968 ஒக்ரோபர் 16 அன்று 200 மீற்றர் தூரத்தை 19.83 செக்கனில் ஓடி முடித்த ரொமி ஸ்மித்தின் வலக்கை, மூன்றாவதாக வந்த ஜோன் கார்லோஸின் இடக்கை. இரண்டிலும் கறுப்புக் கையுறை. இருந்தது ஒரு சோடி. அதைப் பங்குபோட்டுக்கொண்டார்கள், அதனால்தான் ஒருவருக்கு வலம், மற்றவருக்கு இடம். அவர்களுடைய நாடான அமெரிக்காவின் கொடி ஏறுகிறது, இருவரும் தலையைக் குனிந்து நிற்கிறார்கள். கொஞ்சம் கீழே இறங்கிப் பார்த்தால் கால்களில் சப்பாத்து இல்லை, கறுப்புக் காலுறை மட்டும். தங்கள் கறுப்புச் சனங்களின் வறுமையைச் சொல்லச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேடை ஏறினார்கள். என் கண் அங்கே போய் நிற்பதற்குக் காரணம் நான் பிறந்த ஊராக இருக்க வேண்டும். கீரிமலைக் கேணிப் படியில் எல்லோரும் செருப்பைக் கழற்றுகிறோம். ஈரம் ஊறிய கல், பாசி, உப்புக் காற்று, மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் வந்து மோதும் சத்தம், இந்தப் பக்கம் நிலத்தடியிலிருந்து ஊறிவரும் நல்ல தண்ணீர். உள்ளங்காலில் அந்தக் கல்லின் குளிர் ஏறும்போது எனக்கு வருவது பக்தியா, பழக்கமா என்று தெரியாது. ஆனால் வெறுங்காலுக்கு எங்கள் ஊரில் இரண்டு பொருள் இருந்தது. நான் செருப்பைக் கழற்றினால் அது பக்தி. இன்னொருவன் செருப்புப் போடாமல் நடந்தால் அது கட்டளை. செருப்புப் போடக்கூடாது, தோளில் சால்வை போடக்கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று சிலருக்கு விதித்து, அந்த விதியைக் காவல் காத்த ஊர்களில் ஒன்று எங்களுடையது. காவல் காத்தவர்களின் வீட்டுப் பிள்ளை நான். அதனால் அந்தப் படத்தை மற்றவர்களைப்போல நிமிர்ந்து பார்க்க எனக்கு முடிவதில்லை.

எங்களுக்கு அந்தப் படம் மிகவும் பிடிக்கும். ஆயுத இயக்கங்கள் வருவதற்கு முன்னும் பிடிக்கும், போன பின்னும் பிடிக்கும். அடக்கப்பட்ட ஒரு இனம் உலகத்தின் நடு மேடையில் கையை உயர்த்துவதைப் பார்த்தால் அது நாங்கள்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதற்கு நியாயமும் உண்டு. கீரிமலையிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடக்கூடிய பெரியவிளான்காரர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். 1952-இல், 17 வயதில், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். 1956-இல் மெல்போர்னில் மறுபடியும். 1958 மே மாதம் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரத்தைத் தாண்டி, ஆசிய விழாக்களில் இலங்கைக்கு முதல் தங்கத்தைப் பெற்றுக் கொடுத்தார். இந்தக் கணக்கைத் தாளில் வாசித்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் அளவுநாடாவை எடுத்து எங்கள் வீட்டு முன்வாசல் நிலையை அளந்து பார்த்தேன். ஆறடி ஆறங்குலம். 2.03 மீற்றர் என்றால் ஆறடி எட்டங்குலம். வாசல் நிலையில் நாடாவை வைத்து, மேலே சுவரில் இன்னும் இரண்டு அங்குலம் தள்ளிப் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். இந்தக் கோட்டுக்கு மேலால், ஒரு கையும் எதையும் பிடிக்காமல், ஒரு முழு உடம்பு போயிருக்கிறது என்று நினைக்கையில் நெஞ்சு கொஞ்சம் அடைத்தது. பழைய யாழ்ப்பாணத்து வீடுகளில் வாசல்கள் பதிவாக இருக்கும். குனிந்துதான் உள்ளே போகலாம். குனிந்து பழகிய மண்ணிலிருந்து ஒருவர் அந்த உயரத்துக்கு எழும்பினார்.

எழும்பிய நாட்களை நினைத்தால் இன்னும் அடைக்கும். டோக்கியோ விழா 1958 மே 24-இல் தொடங்கி ஜூன் 1-இல் முடிந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர், மே 22-இல், இலங்கையில் தமிழருக்கு எதிரான வன்முறை தொடங்கிவிட்டது. மே 27-இல் அவசரகாலச் சட்டம். வீதிகளில் தமிழர்களை மறித்து, பேசவைத்து, உச்சரிப்பைக் கேட்டு, காதில் குத்துத் தழும்பு இருக்கிறதா என்று பார்த்து, அடித்தும் எரித்தும் கொன்ற நாட்கள். தெற்கிலிருந்த எங்கள் ஆட்கள் அகதிகளாகி, கப்பலேற்றி வடக்குக்கு அனுப்பப்பட்டார்கள். அதே கிழமையில் டோக்கியோவில் ஒரு தமிழனின் உடம்பு இலங்கை என்ற பெயரைத் தாங்கி ஆறடி எட்டங்குலத்துக்கு மேலால் போனது. தங்கம் பெற்றவருக்காக ஏறிய கொடி எது என்று எல்லோருக்கும் தெரியும். வாளேந்திய சிங்கம் ஒரு சட்டத்துக்குள் நிற்கும். அந்தச் சட்டத்துக்கு வெளியே இரண்டு கோடுகள், பச்சை ஒன்று, செம்மஞ்சள் ஒன்று. செம்மஞ்சள் கோடு தமிழருக்கு என்று சொன்னார்கள். ஒரே உடம்பு, ஒரே கிழமை: டோக்கியோவில் அது நாட்டின் உடம்பு, நாட்டின் வீதியில் அது கொல்லத்தக்க உடம்பு. ஜெஸி ஓவன்ஸ் 1936-இல் பெர்லினில் நான்கு தங்கம் வென்று திரும்பியபோது அவருடைய நாட்டின் தென்பகுதியில் பஸ்ஸின் முன் ஆசனத்தில் ஒரு கறுப்பர் உட்கார முடியாது. வெல்லும்போது நாட்டுக்குச் சொந்தம், நடக்கும்போது இனத்துக்குச் சொந்தம் என்ற இந்தக் கணக்கு எங்களுக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

இன்னொருவரையும் இங்கே நினைக்கிறேன். கீரிமலையிலிருந்து அதிக தூரமில்லாத சண்டிலிப்பாயை வேராகக் கொண்ட அ. சிவானந்தன். 1958-இன் வன்முறையைப் பார்த்துவிட்டு நாட்டை விட்டுப் போனார். லண்டனில் போய் இறங்கிய வேளையில் அங்கே நொட்டிங் ஹில்லில் மேற்கிந்தியக் கறுப்பர்களை வெள்ளை இளைஞர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கலவரத்துக்குள்ளிருந்து இன்னொரு கலவரத்துக்குள் போனவர், பின்னாளில் இனவுறவுகள் நிறுவகத்தின் இயக்குநரானார். கறுப்பு என்பதை அவர் தோலின் நிறமாக எடுக்கவில்லை, ஒரு அரசியல் நிலைப்பாடாக எடுத்தார். ஆபிரிக்கர், கரிபியர், ஆசியர் என்று இங்கிலாந்தில் அடிவாங்கிய எல்லோருக்கும் அந்தப் பெயருக்குள் இடம் இருந்தது. ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழர் தன்னைக் கறுப்பர் என்று சொல்லிக்கொண்டது எங்கள் வீடுகளில் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிக்கிறேன். பிறந்த குழந்தையின் காது மடலைத் திருப்பி, அங்கே தெரியும் நிறம்தான் வளர வரும் என்று பார்க்கிற வீடுகள். கலியாணப் பேச்சில் நிறம் முதலில் வரும், படிப்பு பிறகு வரும். என் தங்கையைக் 'கறுவல்' என்றுதான் கூப்பிட்டோம், செல்லமாகவாம். என் அறைச் சுவரில் ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்கத்திலிருந்து பிரித்தெடுத்த விவியன் றிச்சர்ட்ஸின் படம் ஒட்டியிருந்தது. அவர் தென்னாபிரிக்க நிறவெறி அரசு நீட்டிய பெரும் பணத்தை வேண்டாமென்றவர் என்று தெரிந்தபோது, எங்கள் வீட்டு ஆள் ஒருவர் மறுத்ததுபோல எனக்குப் பெருமை. அந்தப் படத்தைப் பார்த்து அப்பு, 'உந்தக் காப்பிலி என்ன மாதிரி அடிக்கிறான்' என்பார். வியப்பும் இளக்காரமும் ஒரே மூச்சில் வரும். அந்தச் சொல்லை நான் ஒருநாளும் மறித்ததில்லை.

அப்பு என்று எழுதிவிட்டேன். அவரிடமிருந்துதான் இந்தக் குடைச்சல் தொடங்குகிறது.

கீரிமலைக்குப் பெயர் வந்த கதை எல்லோரும் அறிந்தது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இந்தத் தீர்த்தத்தில் மூழ்கி மனித முகம் பெற்றார், நகுலேஸ்வரம் அவரால் வந்தது. பிறகு சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி வந்தாள். குதிரை முகம், தீராத குன்மநோய். இந்தத் தண்ணீரில் நாள்தோறும் நீராடினாள். முகம் மாறியது. குதிரை முகம் நீங்கிய இடம் மா விட்ட புரம், மாவிட்டபுரம், அங்கே நன்றியாகக் கந்தனுக்குக் கோயில் எடுத்தாள். சின்ன வயதில் இந்தக் கதை எனக்கு ஒரு மந்திரக் கதை. வயது போகப்போக அதில் வேறொன்று தெரிகிறது. தன் முகம் காரணமாக மனிதர் நடுவில் நிற்க முடியாமல்போன ஒருத்தி, நிற்க முடிந்ததற்காகக் கட்டிய கோயில் அது. 1968 நடுப்பகுதியில் அந்தக் கோயில் வாசலில், தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே வரக்கூடாதென்று ஆட்கள் மறித்து நின்றார்கள். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அவர்களைக் கூட்டிவந்திருந்தது. 1957-இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது, சட்டம் தாளில் இருந்தது. மறித்தவர்களுக்கு முன்னால் நின்றவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்ஃபோர்டில் படித்த கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர், 'அடங்காத் தமிழர்' என்று பெயர் எடுத்தவர். தமிழருக்குத் தனிநாடு வேண்டுமென்று முதன்முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். சிங்கள அரசுக்கு அடங்கமாட்டேன் என்ற அதே வாய், கோயில் வாசலில் இன்னொரு தமிழனைப் பார்த்து நில் என்றது. இந்த இரண்டையும் ஒரே மனிதருக்குள் எப்படி வைப்பது என்று எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. இப்போது கொஞ்சம் விளங்குகிறது. அவருக்கு அவை இரண்டாக இருந்திருக்காது. தன் இடத்தை யாரும் தொடக்கூடாது என்ற ஒரே பிடிவாதம், மேலே பார்க்கும்போது விடுதலையாகவும் கீழே பார்க்கும்போது கதவாகவும் தெரிந்திருக்கிறது.

அந்த வாசலில் அப்புவும் நின்றார். அது எங்கள் வீட்டில் மறைத்துவைத்த செய்தி இல்லை. 'அப்பு மாவிட்டபுரத்தில மறிச்சு நிண்டவர்' என்று, ஒருவர் யுத்தத்துக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். 25 நாள் திருவிழா முடிவில், ஆடி அமாவாசையன்று, மாவிட்டபுரத்து முருகன் தீர்த்தமாடக் கீரிமலைக்கு வருவார். எங்கள் வீட்டுக்கு அதுதான் ஆண்டின் பெரிய நாள். அப்பு தன் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்து கேணியில் மூழ்கி எழும்புவார், அவரைப் பார்த்து நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு மூழ்குவேன். 1968-இல் எனக்கு மூன்று வயது. அந்த ஆடி அமாவாசையிலும் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் கேணிக்கு வந்திருப்பார். வாசலை மறித்துவிட்டு வந்த தோள். ஒரு சில மாதம் கழித்து மெக்சிக்கோவில் அந்த இரண்டு கைகள் உயர்ந்தன. அந்த ஆண்டை நினைத்தால் உலகம் முழுக்க ஒரே மேடைதான் போடப்பட்டிருந்தது என்று தோன்றுகிறது. எங்களுக்கு அந்த மேடையில் கிடைத்த இடம், நாங்கள் பின்னால் சுவரில் ஒட்டிக்கொண்ட படத்தில் இருக்கும் இடம் இல்லை.

தண்ணீரைப் பற்றி நினைக்காமல் கீரிமலைக்காரனால் எதையும் நினைக்க முடியாது. 1964 ஜூனில் புளோரிடாவின் சென்ற் ஒகஸ்ரின் நகரில், வெள்ளையருக்கு மட்டுமான ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து இறங்கினார்கள். விடுதிக்காரர் ஓடிவந்து குளத்துக்குள் அமிலத்தை ஊற்றினார். அந்தப் படமும் இருக்கிறது: குளத்துக்குள் அலறும் முகங்கள், கரையில் குனிந்து ஊற்றும் ஒருவர். கறுத்த உடம்பு தொட்ட தண்ணீரில் தான் இறங்குவதைவிட அந்தத் தண்ணீரையே கெடுத்துவிடலாம் என்று ஒருவனுக்குத் தோன்றுகிறதே, அந்தத் தோன்றல் எனக்கு அந்நியமாக இல்லை. கிணற்றைக் கொடுப்பதைவிடக் கிணற்றுக்குள் கண்டதையும் கொட்டி மூடிய கதைகளை எங்கள் பக்கத்திலும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவின் கறுப்பு இளைஞர்கள் ஓட்டத்திலும் குத்துச்சண்டையிலும் முன்னுக்கு வந்து நீச்சலில் நீண்டகாலம் வராமல்போனதற்கு, அவர்கள் உடம்பில் ஏதோ குறை என்று விஞ்ஞானம்போலப் பேசியவர்கள் இருந்தார்கள். குளத்துக்குள் விடாமல் இருந்ததை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் கணக்கும் ஒன்று இருக்கிறது. 1982 இல்ல மெய்வல்லுநர் போட்டி. எந்தப் பாடசாலை என்பது இங்கே தேவையில்லை. நாலு தர நூறு மீற்றர் அஞ்சலோட்டம். நான் கடைசி ஓட்டக்காரன். மூன்றாவதாக ஓடியவன் எங்கள் வகுப்புத்தான், எங்கள் ஊர்தான், கேணியில் என்னைவிட உயரத்திலிருந்து பாய்கிறவன். பாடசாலையில் அவனைவிட வேகமாக ஓடக்கூடியவர் ஒருவரும் இல்லை. அப்படியென்றால் கடைசி ஓட்டம் அவனுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். கடைசி ஓட்டக்காரன்தான் நாடாவை அறுப்பான், அவனைத்தான் தோளில் தூக்குவார்கள், அவன் முகம்தான் படத்தில் வரும். எனக்குக் கொடுத்தார்கள். ஏனென்று நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அஞ்சலோட்டத்தில் கோலை வாங்குகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து, முன்னால் பார்த்தபடி ஓடத் தொடங்க வேண்டும். கொடுக்கிறவன்தான் கையைக் கண்டுபிடித்து வைக்க வேண்டும். அவன் வைத்தான். கோல் அவனுடைய வியர்வையில் நனைந்து வழுக்கியது, நான் இறுக்கிப் பிடித்தேன். அவன் ஏற்கெனவே இரண்டு பேரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தான். மிச்சத்தை யாரும் ஓடியிருப்பார்கள். என்னைத் தோளில் தூக்கினார்கள்.

பின்னேரம் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மாவுக்குச் சந்தோஷம். 'களைச்சுப்போய் வந்திருக்கிறாய் ராசா, இந்தா தேத்தண்ணி, குடி' என்றார். ராசா என்றுதான் சொன்னார், அந்தச் சொல்லில் ஒரு பொய்யும் இல்லை. எனக்கு எவர்சில்வர் ரம்ளர். அவனுக்கு எனாமல் கோப்பை, விளிம்பில் எனாமல் உதிர்ந்து கறுப்பாய்த் தெரியும் கோப்பை. கள்ளுச் சீவ வருகிறவருக்கும் வேலியடைக்க வருகிறவருக்கும் கொடுப்பது. கிணற்றடித் தூணுக்குப் பக்கத்தில் சவர்க்காரக் கட்டியோடு அது கவிழ்ந்து கிடக்கும். அவன் திண்ணையில் ஏறவில்லை, முற்றத்தில் நின்றபடியே குடித்தான். ஓட்டத்தைப் பற்றிச் சிரித்துச் சிரித்துக் கதைத்தோம். முடிந்ததும் வாளியின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் கோப்பையை அலசி, நேரே போய், அந்தத் தூணுக்குப் பக்கத்தில், அது இருந்த அதே இடத்தில் கவிழ்த்து வைத்தான். எங்கே வைப்பதென்று அவன் யாரையும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அவன் அதற்கு முன் வந்ததே இல்லை.

எத்தனையோ கொடுமைகளைப் பார்த்துவிட்ட தலைமுறை நாங்கள். அதற்குள் ஒரு கோப்பை ஏன் இவ்வளவு காலம் நிற்கிறது என்று என்னையே கேட்டிருக்கிறேன். பல வருடம் கழித்துப் பல்வங்கர் பாலுவைப் பற்றிப் படித்தபோது உடம்பு ஒருகணம் கூசியது. பூனாவில் கிரிக்கெட் ஆடத் தொடங்கிய தலித் சமூகத்துச் சுழற்பந்து வீச்சாளர். 1911-இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் அவர்தான் 114 விக்கெற் எடுத்தார். மைதானத்தில் அவர் எறிந்த பந்தை மற்றவர்கள் தொட்டார்கள், தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில். இத்தனை விக்கெற் எடுத்தும் அணித்தலைமை அவருக்கு வரவில்லை. பந்துக்குத் தீட்டு இல்லை, குவளைக்கு உண்டு. கோலுக்குத் தீட்டு இல்லை, கோப்பைக்கு உண்டு. விளையாட்டு இந்த வேலிகளை உடைக்கும் என்று மேடைகளில் பேசுகிறோம். எனக்கு இப்போது அதில் பெரிய சந்தேகம். கோடு போட்ட மைதானத்துக்குள் மட்டும், விசில் ஊதும் வரை மட்டும், தீட்டை நிறுத்திவைத்துக்கொள்ள விளையாட்டு எங்களுக்கு ஒரு வசதி செய்து கொடுக்கிறது. அவனுடைய காலின் வேகம் எங்களுக்கு வேண்டும், அதை எடுத்துக்கொள்ள ஒரு வழி வேண்டும். அந்த வழிக்கு நட்பு என்று பெயர் வைத்தோம். அது நட்பாகவும் இருந்தது என்பதுதான் இதில் கடினமான பகுதி.

மெக்சிக்கோப் படத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. இரண்டாவதாக வந்த அவுஸ்திரேலிய வெள்ளையர் பீற்றர் நோர்மன். கையை உயர்த்தவில்லை. ஆனால் மற்ற இருவரின் நெஞ்சில் இருந்த அதே சின்னம் அவர் நெஞ்சிலும் இருந்தது, மனித உரிமைக்கான ஒலிம்பிக் திட்டத்தின் சின்னம், கேட்டு வாங்கிக் குத்தியது. கார்லோஸ் தன் கையுறையை மறந்துவிட்டு வந்தபோது, ஒரு சோடியை ஆளுக்கொன்றாகப் போடுங்கள் என்று சொன்னவரும் அவர்தான். அவருடைய நாடு அவரை நெடுங்காலம் தள்ளியே வைத்தது. 2006-இல் அவர் இறந்தபோது சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கிச் சென்றவர்கள் ஸ்மித்தும் கார்லோஸும். 2012-இல்தான் அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. கலிபோர்னியாவில் சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2005-இல் வைத்த சிலையில் ஸ்மித்தும் கார்லோஸும் மட்டும் நிற்கிறார்கள். இரண்டாம் இடம் வெறுமையாக இருக்கிறது. வருகிறவர்கள் ஏறி அங்கே நிற்கட்டும் என்று நோர்மனே விரும்பினாராம். எங்கள் நாட்டிலும் அந்த இடம் வெறுமையாகவே இருக்கவில்லை. 1995-இல் மெல்போர்னில் முத்தையா முரளிதரனின் பந்து வீசும் முழங்கையை ஒரு நடுவர் குற்றமாக்கினார். 1999-இல் அடிலெய்டில் இன்னொரு நடுவர் அதையே செய்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தன் ஆட்களை எல்லைக்கயிறு வரை கூட்டிக்கொண்டு போய் நின்றார். ஒரு மலையகத் தமிழனின் கைக்காக ஒரு சிங்களத் தலைவர் ஆட்டத்தையே நிறுத்தினார். எங்கள் பக்கத்தில் அதை ஒத்துக்கொள்ளப் பலருக்குக் கசக்கும், அது யுத்த காலம். எனக்கும் கசந்தது. ஆனாலும் அவர் அன்று நின்ற இடம் அதுதான். 1968-இல் மாவிட்டபுரத்து வாசலிலும், மறிக்கப்பட்டவர்களின் பக்கத்தில், மறித்தவர்களின் சாதியில் பிறந்த சில இடதுசாரி இளைஞர்கள் நின்றார்கள். அவர்களை ஊர் என்ன பாடு படுத்தியது என்பதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன், வீட்டில் அவர்களைக் கெட்டுப்போன பிள்ளைகள் என்றார்கள். எங்கள் முற்றத்திலும் 1982-இல் அப்படி ஒரு இடம் வெறுமையாக இருந்தது. என் ரம்ளரை அவனிடம் நீட்டிவிட்டு அந்தக் கோப்பையை நான் வாங்கியிருந்தால் போதும். அதற்கு ஒரு எட்டுக்கூட வைக்கத் தேவையில்லை.

பிறகு இயக்கங்கள் வந்தன, சாதியை வாயால் சொல்வது நின்றது. 1990-இல் ஊரே எழும்பிப் போனோம். நகுலேஸ்வரத்தின் மேல் குண்டு விழுந்தது, கேணி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. வீடு போனது, ஓட்டப் போட்டிப் படம் போனது, அந்தக் கோப்பையும் எங்கேயோ மண்ணுக்குள் போயிருக்கும். இடம்பெயர்ந்தால் எல்லோரும் ஒன்றாகிவிடுவோம் என்று கொஞ்சநாள் நானும் நம்பினேன். உறவுக்காரர் வீடு உள்ளவர்கள் உறவுக்காரர் வீட்டுக்குப் போனார்கள், வெளிநாடு போகக் காசு உள்ளவர்கள் போனார்கள், காணி வாங்கக்கூடியவர்கள் வாங்கினார்கள். மல்லாகம் பக்கத்து முகாம்களில் இருபது வருடம் தாண்டியும் தகரக் கொட்டிலில் இருந்தவர்கள் காணியில்லாதவர்கள். காணியில்லாதவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியும். அகதி என்ற சொல்லுக்குள்ளும் ஒரு திண்ணையும் ஒரு முற்றமும் இருந்தது.

மூன்றாவது ஓட்டக்காரன் எண்பதுகளிலேயே பிரான்சுக்குப் போய்விட்டான். இப்போது மாதத்தில் ஒருமுறையாவது கதைக்கிறோம். கடந்த வருடம் ஒரு படம் அனுப்பினான். பாரிசுக்குப் பக்கத்து ஊர்க் கழகமொன்றின் அஞ்சலோட்ட அணி, நாலு பெண் பிள்ளைகள். இரண்டு பேர் ஆபிரிக்கர், ஒருத்தி அரபுப் பிள்ளை, ஒருத்தி இவன் மகள். தோளோடு தோள் பிடித்து, கழுத்தில் பதக்கத்தோடு சிரிக்கிறார்கள். நிறத்தில் இவன் மகளை ஆபிரிக்கப் பிள்ளைகளிடமிருந்து பிரித்துச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது, அவளுடைய சிரிப்பு இவனுடையது. 'மச்சான், இவளும் மூண்டாவதாத்தான் ஓடுறாள்' என்றான். பெருமையாகத்தான் சொன்னான், வளைவில் ஓடத் தெரிந்தவர்களைத்தான் மூன்றாவதாகப் போடுவார்களாம். நான் படத்தைப் பெரிதாக்கி அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். கேட்டால் எனக்குப் பாரம் இறங்கும். அவனுக்கு? அவன் நாற்பது வருடமாக ஏதோ ஒரு மூலையில் கவிழ்த்து வைத்திருப்பதை நான் போய் நிமிர்த்தி, இந்தா உன் கோப்பை, என்னை மன்னித்துவிடு என்று நீட்ட வேண்டுமா? மறந்திருப்பான் என்று சொல்லிக்கொள்வதும் எனக்கு வசதியான ஒன்றுதான். எங்கே வைப்பதென்று கேட்காமலே தெரிந்துவைத்திருந்தவன் எதை மறப்பான்?

போன ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குப் பிதிர்க்கடன் முடித்துவிட்டு, ஈர வேட்டியோடு கேணிப் படியில் இருக்கும்போது அவன் எடுத்தான். கேணிக்குள் பெடியன்கள் மதிலில் ஏறி ஒருவர் பின் ஒருவராகப் பாய்ந்துகொண்டிருந்தார்கள், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று எனக்குத் தெரியவில்லை, பார்த்துக் கண்டுபிடிக்க என் கண் முயன்றதையும் கவனித்தேன். சத்தத்தைக் கேட்டு அவனே சொன்னான், 'கேணியடியில நிக்கிறாய் என்ன?' ஓமென்றேன். வீடியோவில் காட்டச் சொன்னான். கைபேசியைத் திருப்பிக் காட்டினேன். ஒரு சின்னப் பெடியன் அந்த நேரம் பார்த்து மதிலின் உச்சியிலிருந்து குதித்தான், தண்ணீர் தெறித்துக் கைபேசியின் கண்ணாடியில் விழுந்தது. அந்தப் பக்கத்தில் அவன் சிரிப்பது கேட்டது. வேட்டியால் கண்ணாடியைத் துடைத்தேன்.

'தண்ணி இப்பவும் அப்பிடியேதான் இருக்கோ மச்சான்?' என்று கேட்டான்.

'அப்பிடியேதான் கிடக்கு' என்றேன்.